இரண்டு பெயர், ஒரே கை

அப்பா தோட்டத்துப் பங்களாவில் முப்பத்தொரு வருடம் சமைத்தார். அந்தக் காலத்தில் வந்து போன பெரிய துரைமார் ஒருவருக்கும் அவருடைய பெயர் தெரியாது. பங்களாவில் சமைப்பவர் யாராக இருந்தாலும் அவர் 'அப்பு'. இவருக்கு முன்பு இருந்தவரும் அப்பு, பின்பு வந்தவரும் அப்பு. பியானோ இசைத்தட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொய்ப் பெயரோடு விற்கப்பட்ட தட்டுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் என் கண்ணைத் திறந்தவர் அந்த அப்புதான்.

1975இல் வெளிநாட்டுக் கொம்பனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. டிக்கோயாப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை அடுத்த வருடம் ஊருக்குப் போனார். போகும்போது ரெக்கோர்ட் பிளேயரையும் இருபத்து மூன்று இசைத்தட்டுகளையும் ஒரு தேயிலைப் பெட்டியில் அடுக்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு மின்சாரம் உண்டு. அதனால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. பின்னேரம் ஆறு மணிக்கு மேல், மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்ட பிறகு, பீத்தோவனும் ஷூபெர்ட்டும் எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு அந்த இசை புதிதல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு துரை தட்டுப் போடுவார். கோப்பியைக் கொண்டுபோகும் நேரம் வரும்வரை அப்பா கதவுக்குப் பின்னால் தட்டத்தோடு நிற்பார். அப்படி நின்று நின்றே கேட்டவர். ராகத்தின் பெயரும் தெரியாது, ஆக்கியவர் பெயரும் தெரியாது. ஆனால் எந்தத் தட்டில் எந்த இடத்தில் துரை கண்ணை மூடுவார் என்று தெரியும்.

அந்த இருபத்து மூன்றில் இரண்டு தட்டுகள் மற்றவற்றோடு சேராதவை. உறை மெலிந்த காகிதம். ஒன்றின் மேல் ஏரியும் மலையும், மற்றதன் மேல் ரோசாப் பூக்கள். மற்ற உறைகளின் பின்பக்கத்தில் வாசித்தவரின் படமும் வரலாறும் இருக்கும். இவற்றில் வெறும் பெயர்தான். ஒன்றில் ஓர் ஆணின் பெயர், மற்றதில் ஒரு பெண்ணின் பெயர். இரண்டிலும் ஷூபெர்ட் 1827இல் எழுதிய நான்கு இம்ப்ராம்ப்டூக்கள், அதாவது சிறு பியானோ உருப்படிகள். ஓபஸ் 90 என்பது அந்தத் தொகுப்பின் எண். அந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. பல வருடம் தேடியிருக்கிறேன். அந்தப் பெயர்களுக்குப் பிறந்த ஊர் இல்லை, படித்த ஆசிரியர் இல்லை, வாசித்த கச்சேரி இல்லை. அவை யாருடைய பெயர்களும் அல்ல.

மலிவு விலை இசைத்தட்டு வியாபாரம் எப்படி நடந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. பெரிய நிறுவனங்களின் தட்டு வாங்க வசதியில்லாத வீடுகளுக்காக, 1950களிலிருந்து பாதி விலைக்கும் அதற்குக் கீழும் தட்டுகள் வந்தன. இதில் கெட்டது மட்டும்தான் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அல்பிரட் பிரெண்டல் என்ற மாபெரும் கலைஞர் இளம் வயதில் பீத்தோவனை வாசித்துப் பதிவுசெய்தது வொக்ஸ் என்ற மலிவு நிறுவனத்துக்குத்தான். 1987இல் ஹொங்கொங்கில் கிளாவுஸ் ஹைமன் தொடங்கிய நக்ஸோஸ், ஹங்கேரியின் யெனோ யாண்டோவை வைத்துப் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவுசெய்து, சொந்தப் பெயரிலேயே வெளியிட்டது. விலை குறைவு என்பதால் வாசிப்பும் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். வாசிக்கும் ஒருவர் இன்னொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தால் சொந்தப் பெயரைப் போட முடியாது. வானொலி நிலையங்களின் நாடாக்கள் மொத்தமாகக் கைமாறின. அவற்றை வாங்கியவர் நாலு பேருக்கு விற்றார். அந்த நாலு பேரும் நாலு பெயரில் தட்டுப் போட்டார்கள். ஒஸ்திரியாவின் அல்பிரட் ஷோல்ஸ் இப்படிச் சேர்த்த பதிவுகள், சீடி வந்த பிறகு உலகம் முழுவதும் பெட்டிக்கடைவரை போயின. அவற்றில் பலவற்றில் இசைக்குழு நடத்துநர் என்று போட்டிருக்கும் அல்பெர்டோ லிஸ்ஸியோ என்பவர் பிறக்கவே இல்லை.

தொண்ணூறுகளில் கண்டியில் நடைபாதைக் கடையொன்றில் அத்தகைய சீடிகள் ஐந்தாறு வாங்கினேன். ஒன்றில் துப்ராவ்கா டொம்சிச் என்றிருந்தது. லிஸ்ஸியோவின் கூட்டத்தில் இருந்ததால் இதுவும் ஒரு கட்டுப்பெயர் என்று முடிவுகட்டி, என் குறிப்புக் கொப்பியில் 'பொய்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தச் சொல் என்னை இன்றும் உறுத்துகிறது. டொம்சிச் இருக்கிறார். 1940இல் டுப்ரோவ்னிக்கில் பிறந்தவர். லுப்லியானாவில் படித்து, சிறுமியாகவே நியூயோர்க் போய், ஆர்தர் ரூபின்ஸ்டைனிடம் பாடம் கேட்டவர். ஊர் திரும்பி லுப்லியானாவில் பேராசிரியராகி, அமெரிக்க மேடைக்கு 1989இல்தான் மறுபடி வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய கைகள் மட்டும் மலிவுச் சீடிகளில் உலகம் சுற்றின. அவருடைய வாசிப்பைக் கேட்டு ரசித்துக்கொண்டே அப்படி ஒருவர் இல்லை என்று நினைத்த என்னைப் போன்றவர்கள் எத்தனை பேரோ.

மலையகத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறு ஒரு பொருளும் உண்டு. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். பேர் போடாமல் விட்டால் உழைத்தது காற்றோடு போய்விடும். பேர் வெட்டுப்பட்டு அழுதுகொண்டு நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இசைத்தட்டில் பொய்ப் பெயரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அங்கிருந்துதான். யாரோ ஒருவர் பத்து, பதினைந்து வருடம் விரல் தேயப் பழகி, ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அந்த நாற்பது நிமிடத்தை வாசித்திருக்கிறார். அவருக்குப் பேர் போடவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ருசி பார்க்கும் மேசையில் வரிசையாகக் கோப்பை வைத்தால் இது எந்த மலைக் கொழுந்து, வாட்டியது போதுமா, சூடு ஏறிவிட்டதா என்று நாக்கு சொல்லிவிடும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகும்வரை தேயிலைக்குத் தோட்டத்தின் மார்க் உண்டு. ஏலம் தாண்டியதும் பத்துத் தோட்டத்துத் தூளைக் கலந்து பெட்டியில் அடைக்கிறார்கள், மார்க் போய்விடும். ஆனால் நாக்குக்குத் தெரியும். காதும் அப்படித்தான் என்று நம்பி, தட்டுகளை ஒப்பிட ஆரம்பித்தேன்.

தட்டு முடிந்த பிறகு ஊசி சும்மா ஓடும் வெற்று வளையம் ஒன்று இருக்கிறது அல்லவா, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறிய எண் தெரியும். அது அச்சின் எண். உறை பொய் சொன்னாலும் அது சொல்லாது. இரண்டு உறைகளில் இரண்டு பெயர் இருந்து, உள்ளே ஒரே எண் இருந்தால் விசயம் முடிந்தது. எண் வேறாக இருந்தால் நேரம் பார்க்க வேண்டும். ஒருவர் பீத்தோவனின் நிலவொளிச் சொனாட்டாவின் முதல் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடிப்பார், இன்னொருவர் ஏழு நிமிடம் எடுப்பார். திருப்பி வாசிக்க வேண்டிய இடத்தைத் திருப்புகிறாரா, எந்தப் பதிப்பைப் பார்த்து வாசிக்கிறார், இடது கை வலது கைக்கு ஒரு மயிரிழை முந்துகிறதா, பெடலை விடும்போது கட்டை முனகுகிறதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழை நாள். ஏரித் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, ரோசாத் தட்டைப் போட்டேன். மூன்றாவது இம்ப்ராம்ப்டூ ஓடிக்கொண்டிருந்தது. மேலே நீண்ட சுரங்களில் ஒரு பாட்டு, நடுவே நிற்காமல் சலசலக்கும் ஓடை, அடியில் எப்போதாவது இடி போல ஒரு முனகல். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"இரண்டும் ஒரே ஆள்தான், தம்பி."

உறையைக் காட்டினேன். ஒன்று ஆண், ஒன்று பெண். அப்பா எழுத்து வாசிக்கத் தெரியாதவர், உறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேரை விடு. கான் தாண்டப் போகிறவன் காலைத் தூக்கிவிட்டு ஒரு நொடி நிற்பானே, இந்தக் கை அப்படி நிற்கிறது. அந்தத் தட்டிலும் நின்றது."

கான் என்றால் தேயிலை மலையில் மழைத் தண்ணீர் இறங்க வெட்டும் வடிகால். முதுகில் கூடையோடு அதைத் தாண்டுகிறவர்கள் உண்மையிலேயே ஒரு கணம் நிற்பார்கள். நான் கொப்பியைத் திறந்து எண்களைக் காட்டினேன். அச்சு எண்கள் வேறு. ஏரித் தட்டில் நான்கும் 9:04, 4:15, 6:00, 7:05. ரோசாத் தட்டில் 9:36, 4:30, 6:21, 7:30. ஒன்று கூடப் பொருந்தவில்லை. ரோசாத் தட்டின் ஒலி ஏதோ மாதா கோயிலுக்குள் வாசித்தது போல எதிரொலித்தது, மற்றது வறண்டிருந்தது. இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று நிரூபித்தேன். அப்பா வாதாடவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். 1998இல் அவர் காலமானார்.

2007 பெப்ரவரியில் ஹட்டன் நகரத்தில் ஓர் இணைய நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஜோய்ஸ் ஹாட்டோ என்ற பெயர் கண்ணில் பட்டது. ஹட்டன்காரன் அந்தப் பெயரைக் கடந்து போவானா? வாசித்து முடித்தபோது கடை மூடும் நேரம் ஆகிவிட்டது.

ஜோய்ஸ் ஹாட்டோ 1928இல் பிறந்த ஆங்கிலேயப் பியானோக் கலைஞர். எழுபதுகளில் மேடையை விட்டு ஒதுங்கியவர். வயதான காலத்தில் அவருடைய பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட சீடிகளைக் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் தன் சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். புற்றுநோயோடு போராடும் ஒரு பெண் கடினமான இசையை எல்லாம் இப்படி வாசிக்கிறாரே என்று விமர்சகர்கள் வியந்தார்கள். 2006 ஜூனில் அவர் இறந்தார். எட்டு மாதம் கழித்து ஒரு ரசிகர், ஹாட்டோ வாசித்ததாகச் சொல்லப்பட்ட, லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் பயிற்சிக் கோவையைத் தன் கணினியில் போட்டார். சீடிக்குள் கலைஞரின் பெயர் இருக்காது. எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை எண்ணி, மென்பொருள் ஒரு பெரிய பட்டியலில் தேடும். அது கொண்டுவந்த பெயர் லாஸ்லோ சிமோன். ஹங்கேரியில் பிறந்தவர், சுவீடனின் பிஸ் நிறுவனத்துக்காக அதே கோவையைப் பதிவுசெய்தவர். கிராமபோன் சஞ்சிகை விசாரித்தது. ஒலிப்பொறியாளர் அன்ட்ரூ ரோஸ் ஒலி அலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தின. ராக்மானினோவ் எழுதிய, இசைக்குழுவோடு பியானோ வாசிக்கும் கொன்செர்டோக்களில் கேட்டது யெபிம் பிரொன்ப்மனின் கை. கொடொவ்ஸ்கி என்ற இசையமைப்பாளரின் உருப்படிகளில் கேட்டது கார்லோ கிராண்டேயின் கை.

அதே நாட்களில் லண்டனில் நிகலஸ் குக், கிரேய்க் சாப் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு வழியில் அங்கேயே வந்து சேர்ந்திருந்தார்கள். ஷோப்பினின் மசுர்காக்கள் என்ற நடன இசை உருப்படிகளைப் பலர் வாசித்த பதிவுகளில், ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அளந்து கோடு வரைந்தார்கள். இருவர் கோடு ஒருபோதும் ஒத்துப்போகாது. ஹாட்டோவின் கோடும் யூஜின் இன்ட்ஜிச்சின் கோடும் மட்டும் ஒன்றாகப் படிந்தன. கான் தாண்டும் அந்த நொடியைத்தான் அவர்கள் அளந்திருக்கிறார்கள்.

மனைவியின் வலி முனகலை மறைக்க முதலில் அங்கங்கே ஒட்டுப்போட்டேன், பிறகு அது வளர்ந்துவிட்டது என்று கணவர் ஒப்புக்கொண்டார். அதற்காக என் மனம் கொஞ்சம் இளகுகிறது. ஆனால் கொன்செர்டோக்களுக்கு ரெனே கோலர் என்று இல்லாத ஒரு நடத்துநரை உண்டாக்கி, அவரை ஹிட்லரின் நாசிக் கொடுமையில் தப்பிப் பிழைத்தவராகவும் கதை கட்டினார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உண்மையிலேயே அந்த முகாம்களில் கலைஞர்கள் செத்தார்கள். இதில் ஹாட்டோவுக்கும் அநியாயம் நடந்தது. 1970இல் ஆர்னல்ட் பாக்ஸின் சிம்பொனிக் வேரியேஷன்ஸை அவர் தன் சொந்தக் கையால் பதிவுசெய்தார். இனி அந்த ஒன்றைக்கூடச் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

பெரிய நிறுவனங்களும் தவறுவதுண்டு. 1966இல் லண்டனில் ஷோப்பினின் முதல் கொன்செர்டோ ஒன்று, 33 வயதில் இறந்துபோன டினு லிப்பாட்டி வாசித்தது என்று வெளியானது. மேதையின் கை என்று உலகம் உருகியது. 1981இல்தான் அது போலந்தின் ஹலினா செர்னி-ஸ்டெபான்ஸ்கா வாசித்தது என்று தெரிந்தது. பதினைந்து வருடம் அவர் வாங்க வேண்டிய புகழை வேறொரு பெயர் வாங்கிக்கொண்டது.

ஹாட்டோ செய்தியில் ஒரு வரி என்னை உறங்கவிடவில்லை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில பதிவுகளின் வேகத்தை மாற்றியிருந்தார்கள் என்ற வரி. மறுநாள் வீட்டில் மகளின் கீபோர்டை மேசைக்கு இழுத்தேன். ஏரித் தட்டின் மூன்றாவது இம்ப்ராம்ப்டூ எந்தச் சுருதியில் இருக்கிறது என்று தேடினேன். ஜி மேஜர். எழுதப்பட்டது அதற்கு அரைக் கட்டை கீழே, ஜி பிளாட். முதலில் துள்ளிவிட்டேன். ஷூபெர்ட் இறந்து பல வருடம் கழித்து, 1857இல் அதை முதலில் அச்சிட்டவர்கள், வாங்குகிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஜி மேஜருக்கு மாற்றித்தான் அச்சிட்டார்கள். அப்படியானால் இவர் அந்தப் பழைய பதிப்பை வைத்து வாசித்த பழங்காலத்தவர், ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவதைப் பார்த்தேன். ஈ பிளாட் இருக்க வேண்டிய இடத்தில் ஈ. நான்காவது, ஏ பிளாட் இருக்க வேண்டிய இடத்தில் ஏ. தட்டு முழுவதும் சுருதி அரைக் கட்டை ஏறியிருந்தது.

வேகம் கூடினால் சுருதியும் ஏறும். பிளேயர்தான் வேகமாக ஓடுகிறதோ என்று 180 கோடுகள் வரைந்த காகித வட்டத்தை அதன் மேல் வைத்து, டியூப் விளக்கின் கீழ் பார்த்தேன். நம் மின்சாரத்தின் 50 அதிர்வுக்கு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருந்தால் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்கும். நின்றன. ரோசாத் தட்டைப் போட்டேன். அது சரியான சுருதியில் இருந்தது. அப்படியானால் ஏரித் தட்டை வெட்டியபோதே நாடாவை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். நான்கையும் ஒரே பக்கத்தில் அடக்க ஒன்றரை நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ரோசாத் தட்டில் அவை இரண்டு பக்கத்துக்கும் பிரிந்திருந்தன.

அரைக் கட்டை என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. பழைய கொப்பியை எடுத்தேன். 6:00 என்பதை அந்தக் கணக்கில் நீட்டினால் 6:21. 4:15 நீண்டு 4:30 ஆனது. 7:05 நீண்டு 7:30. 9:04 நீண்டு 9:36. ஒரு நொடி பிசகவில்லை.

பேனாவை வைத்துவிட்டு இஸ்தோப்பில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டையும் கணினியில் ஏற்றி, ஏரித் தட்டின் வேகத்தைக் குறைத்து, ஒன்றை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் விட்டுக் கேட்டேன். மாதா கோயில் எதிரொலி பிறகு பூசியது. அதை விலக்கிக் கேட்டால் ஒரே பியானோ. நடுப்பகுதி முடிந்து பாட்டு திரும்பி வருமுன் பெடல் கட்டை ஒருமுறை முனகுகிறது, இரண்டு காதிலும் ஒரே இடத்தில். அடுத்த உச்சச் சுரத்துக்கு முன்னால் அந்தக் கை தூக்கிக்கொண்டு நிற்கிறது. கால் நொடிகூட இருக்காது. எந்த வேகத்தில் ஓட்டினாலும், எந்த எதிரொலியைப் பூசினாலும், அந்த நிறுத்தம் அழியவில்லை. அப்பா கேட்டது அதைத்தான்.

அந்தக் கை யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓபஸ் 90 பதிவுகளில் எனக்குக் கிடைத்த அத்தனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். சிலர் அந்த இடத்தில் விரைகிறார்கள், சிலர் கரைந்துபோகிறார்கள், தாண்டப் போகிறவரைப் போல நிற்பவர் வேறு எவரும் இல்லை. கொப்பியில் இரண்டு தட்டுகளுக்கும் எதிரே இருந்த இரண்டு பெயர்களையும் வெட்டிவிட்டு, ஒரே பெயராக 'கான் தாண்டுபவர்' என்று எழுதியிருக்கிறேன்.

பண்டாரவளையில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பங்களாவைத் துப்புரவு செய்கிறார்கள். அங்கே வேலை செய்யும் நண்பர் நேற்றுத் தொலைபேசியில் பேசினார். ஒரு பெட்டி இசைத்தட்டு இருக்கிறதாம், அடியில் மெலிந்த உறையோடு மூன்று நான்கு கிடக்கின்றனவாம். ஒன்றில் ஷூபெர்ட்டின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு, நுவரெலியாவில் பஸ் மாறி, வெலிமடை வழியாகப் போகிறேன். டோர்ச்சுக்குப் புதிய பட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.